காம்பு விடாத பழம்

பெண் பார்க்க வரப்போகிற ஜகதாம்பாள் மாமி பிறர் வீட்டில் கை நனைக்கமாட்டார் என்று தரகர் வந்து சொன்னார். சொஜ்ஜி கூடாது, பஜ்ஜி கூடாது, காப்பியும் கூடாது. பழம் மட்டும் சாப்பிடுவார். அதையும் அவர் கண் முன்னால் நறுக்க வேண்டும்.

"அவ்வளவு மடி," என்றார் தரகர், அந்த மடியைத் தாமே காப்பாற்றி வருகிறவர் போல.

"அப்போ பாகீரதியே நறுக்கட்டும்," என்றார் அப்பா. "பாட்டுக்குத்தான் வாயைத் திறக்கமாட்டேங்கறா. இதையாவது பண்ணட்டும்."

பாகீரதி நான்தான். பாட்டு எனக்கு வரும். நாலு பேர் பார்த்தால் குரல் வராது.

அதே வாரத்தில் எனக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. விதைப் பரிசோதனைச் சாலையில் உதவியாளர். ஏப்ரல் பதின்மூன்று, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சேர வேண்டும். சேராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். கல்லூரியில் தாவரவியல் நடத்திய ஹெர்பர்ட் சார் சொல்லித்தான் மனுப் போட்டிருந்தேன். வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை. கிடைக்காது என்று நினைத்திருந்தார்கள்.

அப்பா உத்தரவை இரண்டு முறை படித்தார். மைசூர் சமஸ்தானத்து சர்வே இலாகாவில் முப்பது வருஷம் இருந்தவர். எந்தக் காகிதத்தையும் மடிப்புக் கலையாமல் மடிப்பார். மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினார். பீரோச் சாவி அவருடைய பூணூலில் இருந்தது.

"பன்னண்டாம் தேதி ஞாயித்துக்கிழமை. அவா வந்துட்டுப் போகட்டும்," என்றார். "சரின்னுட்டா வேலை எதுக்கு? வேண்டாம்னுட்டா அப்புறம் பார்க்கலாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் பதில் சொல்லவும் இடமில்லை.

அன்றிலிருந்து நான் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சந்தியாவந்தனம் பண்ணும்போது அது மார்பில் ஆடும். சாப்பிடக் குனியும்போது இலை விளிம்பில் இடிக்கும். குளித்துவிட்டு வந்தால் சாவியிலிருந்து ஒரு சொட்டு நீர் வேட்டியில் விழும். உத்தரவு பத்தடி தூரத்தில் இருந்தது. எனக்கு இருபத்தொரு வயது. வீட்டு வாசல் நாள் முழுதும் திறந்தேதான் இருந்தது.

எங்கள் வீட்டில் முலாம்பழம் பொறுக்குவது என் வேலை. அம்மா அதை கர்பூஜா என்பாள், சாமராஜப்பேட்டையில் எல்லோரையும் போல. மூன்று வருஷமாக நான் எடுத்த பழம் ஒன்றும் தப்பியதில்லை. "எங்க பாகீரதி எடுத்தான்னா சர்க்கரைப் பாகுதான்," என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கல்லூரியில் முலாம்பழக் காம்பை மெல்லிய சீவலாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். பழம் பக்குவம் ஆனதும் காம்பு சேரும் இடத்தில் ஒரு வரிசை செல்கள் ஒன்றை ஒன்று விட்டுவிடும். யாரும் அறுக்க வேண்டாம். தொட்டால் பழம் கையோடு வரும். அங்கே வழவழவென்று ஒரு சின்னக் குழி இருக்கும். குழி இல்லாமல் காம்பு நின்றால், யாரோ அவசரப்பட்டு அறுத்த காய். வலைக்கோடுகளுக்கு நடுவே தோல் வைக்கோல் நிறமாக இருக்க வேண்டும், பச்சை தெரியக்கூடாது. கைக்குக் கனமாக இருக்க வேண்டும். முகர்வது காம்புப் பக்கத்தில் அல்ல, பூ உதிர்ந்த முனையில். அங்கே கட்டை விரலால் அழுத்தினால் லேசாகக் கொடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. மாங்காயிலும் வாழைக்காயிலும் மாவு இருக்கிறது. பறித்து வைத்தாலும் அந்த மாவு சர்க்கரையாக மாறும். முலாம்பழத்தில் மாவு கிடையாது. கொடியிலிருந்து வந்து சேர்ந்த சர்க்கரைதான் சர்க்கரை. அறுத்த பிறகு மெத்தென்று ஆகும், வாசனை வரும், இனிப்பு மட்டும் ஏறாது.

வியாழக்கிழமை லட்சுமம்மா கூடையோடு வந்தாள். அவளுக்கு வீடு ஆஸ்டின் டவுனில். விடியற்காலையில் சிட்டி மார்க்கெட்டுக்கு வந்து சரக்கு எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு எட்டரை மணிக்கு வந்துவிடுவாள். அம்மா அடுப்படியிலிருந்து, "ஞாயித்துக்கிழமைக்கு வேணும்டி, பெரிசா ஒண்ணு எடு," என்று குரல் கொடுத்தாள். நான் வாசல்படியில் உட்கார்ந்தேன்.

"பாலாத்து மணல்ல வெளஞ்சது பாப்பா. நேத்து ராத்திரி ரயில்ல வந்துச்சு. ராம நவமி வந்துட்டா இந்தக் கிர்ணி கண்ணுலயே படாது," என்றாள் லட்சுமம்மா.

கூடையில் ஏழு இருந்தன. நான்கு நன்றாக இருந்தன. தூக்கிப் பார்க்காமலே தெரிந்தது. ஓரத்தில் ஒன்று, எல்லாவற்றையும்விடப் பெரியது. வலை அடர்த்தியாக, அழகாக இருந்தது. அரை விரல் நீளத்துக்குக் காம்பு. முனையை முகர்ந்தேன். வெள்ளரிக்காய் வாசனை.

"இது," என்றேன்.

லட்சுமம்மா என்னைப் பார்த்தாள். "இன்னா பாப்பா, கண்ணு தெரியலயா? காம்போட நிக்குது பாரு. மூட்டைக்கு ஒண்ணு ரெண்டு இப்படிக் கலந்துடறானுங்க. இத நானே மாட்டுக்காரனுக்குத்தான் வெச்சிருக்கேன்."

"இதுதான் வேணும்."

"யாருக்கு?"

நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். அடுப்படியில் தாளிக்கிற சத்தம் கேட்டது. "ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வரா."

லட்சுமம்மா கூடையின் விளிம்பில் கையை ஊன்றினாள். பிறகு வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

"அடி கள்ளி. கிர்ணி சப்புனு இருந்துச்சுன்னு எவனாச்சும் கண்ணாலத்த நிறுத்துவானா? மாப்பிள பார்க்க லட்சணமா இருந்துட்டா உன் அம்மா விடுவாளா?"

"மாமிக்குப் பழம் மட்டும்தான். வேற ஒண்ணும் தொடமாட்டா."

"அதுக்கு? என் பேருதான் கெடும். லட்சுமம்மா காய வித்துட்டான்னு உங்கம்மா சொல்லுவா."

"நான் எடுத்ததுன்னு சொல்றேன்."

"சொல்லுவியா? உன் வாயிலேர்ந்து நாலு வார்த்த சேந்தாப்ல இன்னிக்குத்தான் கேக்கறேன்." காயை என் மடியில் வைத்தாள். "போ. ஆனா பாதிதான் பலிக்கும், பார்த்துக்க."

அவள் போன பிறகு காம்பை நகத்தால் கிள்ளி எடுத்தேன். குழி விழவில்லை. பிய்ந்த நார்தான் தெரிந்தது. அந்தப் பக்கத்தைக் கீழே திருப்பி வைத்தேன்.

அம்மா அதைத் தூக்கி எடை பார்த்தாள். "கொஞ்சம் கெட்டியா இருக்கோ? ஞாயித்துக்கிழமைக்குச் சரியா இருக்கும்னு எடுத்தியாக்கும்," என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். அரிசிப் பானையைத் திறந்து, பழத்தை அரிசிக்குள் புதைத்து மூடினாள்.

வெள்ளிக்கிழமை மாலை பானையைத் திறந்தபோது வாசனை வந்தது. சனிக்கிழமை காலை சமையலறை முழுவதும் இருந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டு முகரச் சொன்னாள். "பார்த்தியா? உன் கையே கை."

இனிப்பு ஏறாது என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். இருந்தாலும் சனிக்கிழமை நாலைந்து முறை பானைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். புத்தகத்தில் இருப்பது ஆற்று மணலில் விளைந்த காய்க்குத் தெரியுமா என்று பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்தார்கள். மாமி, அவருடைய பிள்ளை சுந்தரேசன், தரகர். சுந்தரேசன் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர். ஒல்லியாக இருந்தார். வந்ததிலிருந்து சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நேற்றைய தாள் கிழிக்கப்படாமல் இருந்தது. மாமி ஒன்பது கஜப் புடவையில், கையில் வெள்ளிக் கூஜாவோடு வந்திருந்தார். தண்ணீர்கூட அவருடையது.

கூடத்தின் நடுவில் அரிவாள்மணை, தாம்பாளம், ஒரு செம்பு தண்ணீர். நான் நமஸ்காரம் பண்ணிவிட்டு மணையில் உட்கார்ந்தேன். எல்லோரும் என் கைகளைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்ப்பதைவிட அது தேவலை என்று முதலில் நினைத்தேன். பிறகு காயை எடுக்கப் போய்ச் செம்பைத் தட்டினேன்; தண்ணீர் தளும்பியது.

"மெதுவா, மெதுவா," என்றார் மாமி. "அவசரம் ஒண்ணும் இல்லே."

காயை அலம்பித் துடைத்து இரண்டாகப் பிளந்தேன். வாசனை கூடம் முழுவதும் பரவியது. அப்பா மூச்சை இழுத்துத் தலையாட்டினார். உள்ளே ஓரமெல்லாம் பச்சை. நடுவில் மட்டும் வெளுத்த ஆரஞ்சு. விதைகள் சதையைப் பற்றிக்கொண்டிருந்தன. எனக்கு நிம்மதியாக இருந்தது. புத்தகம் பொய் சொல்லவில்லை.

விதையை வழித்து, கீற்றுகளாக்கி, தோல் நீக்கி, துண்டுகள் போட்டேன். வெள்ளித் தட்டில் எடுத்து மாமிக்கு முன்னால் வைத்தேன். மற்றவர்களுக்கு அம்மா கொடுத்தாள்.

மாமி ஒரு துண்டை வாயில் போட்டார்.

தரகரும் போட்டுக்கொண்டார். மெல்லுவதை நடுவில் நிறுத்தி, யாரையும் பார்க்காமல் விழுங்கினார். அப்பாவின் முகம் சுருங்கியது. அம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அரிவாள்மணையைத் துடைத்தேன்.

"சுப்பு, சர்க்கரை கொண்டு வா," என்றார் அப்பா. அம்மாவின் பெயர் சுப்புலக்ஷ்மி; வெளி மனிதர்கள் முன்னால் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.

"சர்க்கரை வேண்டாம்," என்றார் மாமி சட்டென்று.

அவர் இரண்டாவது துண்டை எடுத்தார். மூன்றாவதும் எடுத்தார். அவர் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. தட்டு காலியாகும் வரைக்கும் தின்றார். சுந்தரேசன் காலண்டரை விட்டுவிட்டுத் தன் அம்மாவைப் பார்த்தார், பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு ஆச்சரியம் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"கை அலம்பணும்," என்று மாமி எழுந்தார். "பொண்ணு கொல்லையைக் காட்டட்டும். நீங்கள்லாம் பேசிண்டிருங்கோ."

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழாய். நான் திறந்துவிட்டேன். மாமி கையை நீட்டாமல் நின்றார்.

"யார் சொன்னா உனக்கு?"

எனக்குப் புரியவில்லை.

"தரகனா? அவனுக்கே தெரியாதே."

"என்ன மாமி?"

"நடிக்காதேடி. எனக்குச் சர்க்கரை வியாதின்னு."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எட்டு வருஷமாச்சு. சொஜ்ஜியை வச்சுண்டு ஒரு வாய், ஒரே ஒரு வாய்னு பிடுங்குவா. வேண்டாம்னா ஏன்னு கேப்பா. மடின்னுட்டா ஒருத்தரும் வாயைத் திறக்கறதில்லே. பழத்துல ஒரு துண்டைப் போட்டுண்டு எழுந்துடலாம். இன்னிக்குத்தாண்டி தட்டைக் காலி பண்ணினேன். வெள்ளரிக்கா மாதிரி பார்த்துப் பார்த்து எடுத்திருக்கே." அவர் சிரித்தார். சிரிக்கும்போது வயசு குறைந்தது. "வெளியில சொல்லிடாதே. எனக்குப் பின்னால ரெண்டு பொண்ணு நிக்கறது. வம்சத்துல வியாதின்னு பேர் வந்தா எவன் பண்ணிப்பான்? காலம்பற ஊசி போடறது என் பிள்ளைதான். ஏழு மணி ஷிப்ட்டுன்னா அவனுக்குக் கை பறக்கறது. நீ சயன்ஸ் படிச்சவ. ரெண்டு நாள்ல கத்துண்டுடுவே."

அவர் என் தோளில் கை வைத்தார். "வாயும் அதிகம் இல்லே. எங்காத்துக்கு இதான் வேணும்."

காலையில் எழுந்து ஊசியைக் கொதிக்க வைப்பதிலிருந்து ஒரு வாழ்க்கை எனக்கு முன்னால் தெரிந்தது. அவர் நல்லவராகத்தான் இருந்தார். அந்தக் கை கனமாக இருந்தது. உள்ளே போனதும் அவர் சரி என்று சொல்வார். அப்பா பூணூலைத் தடவிக்கொள்வார். நாளை பத்து மணிக்கு யாரோ ஒரு பெண் என் நாற்காலியில் உட்காருவாள்.

"யாரும் சொல்லலை, மாமி," என்றேன். என் குரல் தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. குழாயை மூடினேன். "காய்னு தெரிஞ்சுதான் எடுத்தேன். உங்களுக்குப் பிடிக்கக்கூடாதுன்னு எடுத்தேன். நீங்க வேண்டாம்னு சொல்லணும்னு."

மாமியின் கை தோளிலிருந்து இறங்கியது.

"ஏன், என் பிள்ளைக்கு என்ன குறைச்சல்?"

"ஒண்ணும் இல்லே. நாளைக்கு நான் வேலைல சேரணும்."

"என்ன வேலை?"

"விதையை முளைக்கப் போட்டு, எத்தனை முளைச்சதுன்னு எண்ணணும்."

"அதுக்குச் சம்பளம் தரானா?"

"தரா."

மாமி குழாயைத் தாமே திறந்து நிதானமாகக் கை அலம்பினார். விரல் விரலாக அலம்பினார். முந்தானையில் துடைத்துக்கொண்டு, கொல்லைக் கதவைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இப்போது சிரிப்பு இல்லை. பயம் இருந்தது. நான் அவர் வீட்டுக்கு வரப்போகிற பெண் என்று நினைத்துச் சொன்னதெல்லாம் இப்போது வெளி மனுஷியிடம் இருந்தது.

"நான் சொன்னதை நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"மாட்டேன்."

"உங்கம்மாகிட்டகூட."

"சொல்லமாட்டேன், மாமி."

"நீ சொல்லமாட்டே. அதான் எனக்குப் பிடிச்சிருக்கு." அவர் நீளமாக மூச்சு விட்டார். "நான் வேண்டாம்னு சொல்லப்போறதில்லே, தெரிஞ்சுக்கோ. ஒரு வேலைக்காக இவ்வளவு பண்றவ ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பண்ணுவே. போய் எண்ணிட்டு வா."

கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மாமி கூஜாவை எடுத்துக்கொண்டார்.

"பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு," என்றார். அம்மாவின் கண் நிறைந்தது. "ஆனா பையனுக்கு இப்போ குருபலம் போறாதுன்னு எங்காத்து ஜோசியர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கார். ஆவணிக்கு மேலே பேசிக்கலாம்."

சுந்தரேசன் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இது செய்தி என்று தெரிந்தது. தரகர், "ஜாதகத்துல நான் பார்த்தவரைக்கும்..." என்று ஆரம்பித்தார்.

"நீர் பார்த்தது போதும். வண்டியைக் கூப்பிடும்," என்றார் மாமி.

ஜட்கா போன பிறகு அம்மா தோலையும் விதையையும் வாளியில் வாரிக்கொண்டிருந்தாள். காம்பு இருந்த துண்டு கையில் பட்டதும் திருப்பிப் பார்த்தாள். பிய்ந்த நாரை விரலால் நெருடினாள்.

"மூணு வருஷத்துல நீ ஒண்ணுகூடத் தப்பா எடுத்ததில்லையே," என்றாள்.

நான் அரிவாள்மணையைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

"கிள்ளினியா?"

"ஆமா. லட்சுமம்மா மேல தப்பு இல்லே."

அம்மா அந்தத் துண்டை வாளியின் அடியில் தள்ளி, மேலே மற்ற தோல்களைப் போட்டாள். "மாட்டுக்குக் கொண்டு வச்சுட்டு வா. அப்பா கண்ணுல படவேண்டாம்."

அப்பா சாய்வு நாற்காலியில் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். சாதாரணமாக அவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன?" என்று கேட்ட பிறகுதான் பேசுவேன். அன்று அவர் நிமிரவில்லை.

"அப்பா, நாளைக்குத் திங்கட்கிழமை."

"தெரியும்."

பக்கம் புரண்டது.

"ஆவணின்னுட்டா," என்றார். "அதுவரைக்கும் நீ ஆத்துல உக்காந்து என்ன பண்ணப்போறே." எழுந்து, சாவியைப் பூணூலிலிருந்து கழற்றாமலே, பீரோவோடு ஒட்டி நின்று குனிந்து பூட்டைத் திறந்தார். உத்தரவை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்ட பிறகும் ஒரு முனையை விடவில்லை. "ஆவணி வரைக்கும்தான். அவா சொல்லி அனுப்பினா அன்னிக்கே நின்னுடணும்."

"சரிப்பா," என்றேன். காகிதம் பாச்சை உருண்டை வாசனை அடித்தது.

திங்கட்கிழமை எட்டேமுக்காலுக்குக் கிளம்பினேன். தெருமுனையில் லட்சுமம்மா கூடையை இறக்கி வைத்திருந்தாள்.

"இன்னா ஆச்சு பாப்பா? கிர்ணி வேல செஞ்சுதா?"

"ஆவணிக்கு மேலேன்னு சொல்லிட்டா."

"நான் சொன்னேன்ல, பாதிதான்னு." என் கைப்பையைப் பார்த்தாள். "எங்க கெளம்பிட்ட?"

"வேலைக்கு."

"அடேங்கப்பா." கூடையைத் துழாவி ஒன்றை எடுத்தாள். உள்ளங்கை அளவுதான் இருந்தது. வைக்கோல் நிறம். காம்பு இருந்த இடத்தில் வழவழப்பான குழி. நான் கேட்பதற்கு முன்னால் கத்தியால் பிளந்து, விதையை வழித்து, ஒரு கீற்றை நீட்டினாள்.

"தெருவுலயா, லட்சுமம்மா?"

"பின்ன? ஆபீஸ்ல போய் அரிவாள்மணை கேப்பியா? சும்மா தின்னு."

எங்கள் தெருவில் நின்று நான் எதையும் தின்றதில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. கீற்றை வாங்கி, தோலோடு பிடித்துக் கடித்தேன். சாறு மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியது. மூன்று வருஷமாக எல்லோருக்கும் நான் பழம் பொறுக்கியிருக்கிறேன். எனக்கு வந்தது பெரும்பாலும் ஓரத் துண்டுகள். நடு இப்படி இருக்கும் என்று மறந்துபோயிருந்தது. இன்னொரு கீற்றும் வாங்கித் தின்றேன்.

"மெல்ல, மெல்ல. அது எங்கயும் ஓடிப் போயிடாது," என்றாள் லட்சுமம்மா.

கையைத் துடைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று விரல் விட்டு எண்ணினேன். நாலு விரலும் இன்னும் பிசுபிசுவென்று ஒட்டின. பஸ் வந்தது. உத்தரவில் கறை படாமல் இருக்க, அதை மற்றக் கையில் வைத்துக்கொண்டு, ஒட்டும் கையால் கம்பியைப் பிடித்து ஏறினேன்.